கதவோரச் சீட்டு

நான் பயந்தவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. இடி இடித்தால் காதைப் பொத்துவேன். பல்லி மேலே விழுந்தால் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, பாறசாலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது. அதுவும் பனச்சமூடு தாண்டி அம்பூரி மலைக்குப் போகும் ரூட். வளைவுக்கு வளைவு நான் கம்பியை இறுக்கிப் பிடிப்பதைக் கண்ணாடியில் பார்த்து டிரைவர் சிரிப்பான். என்னைவிட இளையவன். அக்கா என்றுதான் கூப்பிடுவான், ஆனால் அந்த அக்காவுக்குள்ளே கேலி நிறைய உண்டு.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் பனச்சமூடு வருவதற்கு முன்னால் ஒரு பள்ளத்தில் பஸ் இறங்கி ஏறியது. கதவை ஒட்டிய முதல் சீட்டு 'கடக்' என்று ஒருபக்கமாகச் சாய்ந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் உட்காரும் சீட்டு அது. குனிந்து பார்த்தேன். சீட்டின் கால் தரைத்தகட்டோடு சேரும் இடத்தில் வெல்டிங் விட்டுப்போயிருந்தது. பழைய வெல்டிங் கட்டிகள் அங்கே ஏற்கெனவே இருந்தன, முன்பும் விட்டு ஒட்டிய இடம்தான். உடைந்த இரும்பின் விளிம்பு சரியாகப் பிள்ளைகளின் கணுக்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. மூன்று பேரையும் இழுத்துப் பின் சீட்டில் போட்டேன். இனி வருவது மலை வளைவுகள். ஆடுகிற சீட்டு எந்தப் பிள்ளைமேல் போய் இடிக்குமோ என்று பயந்தேன்.

"பனச்சமூட்டில நமக்க ஆளு உண்டு. ரெண்டு பொட்டு வெல்டிங் வச்சா தீந்துது" என்றான் டிரைவர்.

அந்த ஆள் கிரில் பட்டறை வைத்திருப்பவர். பஸ்ஸுக்குள் ஏறி, சீட்டைக் கழற்ற ஸ்பேனர் போட்டுப் பார்த்தார். போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. "இது கழலாது. இருக்கிய இடத்தில வச்சே அடிச்சுத் தாறேன்" என்றார். டிரைவர் பேட்டரி வயரைக் கழற்றினான். கேபிளைக் கதவு வழியாக உள்ளே இழுத்தார்கள். குஷனுக்கு அடியில் நனைந்த சாக்கு ஒன்றைத் திணித்தார்கள். நான் பிள்ளைகளைப் பக்கத்துக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே நிறுத்திவிட்டு, "அங்க பாக்காதே மக்கா, கண்ணு போவும்" என்று ஒவ்வொரு முகமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். நீல வெளிச்சம் பஸ் கண்ணாடிகளில் வெட்டி வெட்டி மின்னியது. டீசல் டேங்க் வெடித்துவிடுமோ, ஷாக் அடித்துவிடுமோ என்று என் பயம் முழுவதையும் அங்கேயே செலவழித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

வேலை முடிந்து பட்டறைக்காரர் ஒரு கப் தண்ணீர் ஊற்றினார். 'சுர்' என்றது. சீட்டில் உட்கார்ந்து குலுக்கிக் காட்டினார். "இனி பஸ்ஸு போனாலும் இந்தச் சீட்டு போவாது" என்று சொல்லி, ஒட்டிய இடத்தில் கறுப்புப் பெயின்டை அடித்துவிட்டார்.

அந்தப் பெயின்டினால்தான் நான் அங்கே உட்கார்ந்தேன். வெள்ளை சாக்ஸில் கறுப்பு பட்டுவிட்டால் மறுநாள் அம்மாமார் என்னை உரித்துவிடுவார்கள். பிள்ளைகளைப் பின்னால் அனுப்பிவிட்டு, காலைத் தள்ளி வைத்துக்கொண்டு அந்த சீட்டில் நானே உட்கார்ந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளை எல்லாம் இழுத்து மூடினோம். சீட்டில் லேசாகச் சூடு இருந்தது. வெல்டிங் சூடு, ஆறிவிடும் என்று நினைத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், நனைந்த சேலைக்கு அது இதமாகக்கூட இருந்தது. பின்னாலிருந்து ஒரு பையன், "ஆன்டி, தொழுத்து மணம் வருது" என்றான். எனக்கும் வந்தது. எங்கள் பக்கத்தில் இருட்டும் நேரத்தில் தொழுவங்களில் தேங்காய் உரித்த கதம்பையைப் பற்றவைத்து மாடுகளுக்குக் கொசுப்புகை போடுவார்கள். அந்தப் புகையில்தான் நாங்கள் வளர்ந்தோம். மழைக்காலம், கொசு அதிகம், சீக்கிரமே போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். "வெளியில இருந்தாக்கும் மக்கா" என்றேன். உட்கார்ந்தபடியே இரண்டு நிறுத்தங்களில் பிள்ளைகளை இறக்கிவிட்டேன்.

அதற்கப்புறம் ரப்பர் தோட்டம் தொடங்கியது. இரண்டு பக்கமும் மரங்கள் மட்டும்தான். வீடு இல்லை, தொழுவம் இல்லை, மாடு இல்லை. கண்ணாடிகளும் மூடியிருந்தன. மணம் மட்டும் போகவில்லை, கூடியது. என் தொடைக்குக் கீழே இருந்த சூடும் ஆறவில்லை, ஏறிக்கொண்டிருந்தது.

போன வருஷம் ஸ்பாஞ்ச் நைந்துபோனது என்று அந்த சீட்டுக்குள் தேங்காய் நாரை அடைத்துத் தைத்தார்கள். நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெல்டிங் பொறி ஒன்று அதற்குள் போயிருக்க வேண்டும். நார்த் தீ சுடர்விடாது, உள்ளேயே கனியும். ஊதினால் பிடித்துக்கொள்ளும். நான் எழுந்தால் குஷன் மேலே வரும், காற்று உள்ளே போகும். கதவு என் பக்கத்தில் இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளும் என்னைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். பின்பக்கம் அவசரக் கதவு இருந்தது, அதன்முன்னால் புத்தகப் பைகள் மலையாகக் கிடந்தன.

"தம்பி, வண்டிய நிறுத்து."

"இங்கயா? வளைவுல்லா அக்கா." என் பயத்தைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "பேடிச்சிட்டியளா?"

"ஆமா, பேடியாக்கும். நிறுத்து."

என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். வளைவு தாண்டி, ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகை ஒன்றின் முன்னால் வண்டியை ஓரம்கட்டினான். தீ என்று நான் சொல்லவில்லை. சொன்னால் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். "மக்கா, எல்லாரும் இறங்கி அந்தக் கொட்டகையில போய் நில்லுங்க. பையெல்லாம் எடுக்கண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல் கேட்டது.

ஒவ்வொருவராக என் முழங்காலை உரசிக்கொண்டு இறங்கினார்கள். "ஆன்டி வரல்லியா?" என்று ஒருத்தி நின்றுவிட்டாள். "வாறேன், நீ நட" என்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன். சேலை மடிப்பிலிருந்து மெல்லிய புகை ஏறத் தொடங்கியிருந்தது. தொடை எரிந்தது. கடைசி சீட்டில் ஒரு யு.கே.ஜி. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டும் எழவில்லை. டிரைவர் ஓடிப்போய் வாரித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

அந்த நேரத்தில் எல்லோரையும் தள்ளிவிட்டு முதல் ஆளாகக் குதித்து ஓட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. நான் உட்கார்ந்திருந்தது தைரியத்தால் அல்ல. எழுந்தால் தீ வருமே என்ற பயத்தால்.

அந்தப் பிள்ளையின் ஷூ போட்ட கால் என் கன்னத்தை உரசிக்கொண்டு வெளியே போனதும் எழுந்தேன். ரெக்சினில் ஒட்டியிருந்த சேலை கிழிந்து வந்தது. தையல் ஓரத்திலிருந்து ஒரு கை உயரத்துக்குத் தீ எழுந்தது. நான் படிகளில் உருண்டேனா இறங்கினேனா என்று தெரியாது. டிரைவர் திரும்பி ஏறி, ஜாக்கிக் கம்பியால் குஷனை நெம்பிப் பிய்த்து ரோட்டில் எறிந்தான். அது விழுந்து பிளந்தது. உள்ளே முழுவதும் சிவப்பாக இருந்தது. கொட்டுகிற மழையிலும் அது அணைய நேரம் பிடித்தது.

தொடைப் புண் ஆறிவிட்டது. பள்ளியில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, தைரியசாலி என்று மைக்கில் சொன்னார்கள். டிரைவர் இப்போது என்னைக் கேலி செய்வதில்லை. அவன் கேலி செய்யாதது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

தூக்கத்தில் தீயெல்லாம் வருவதில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அந்த சீட்டில் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அதுதான் வருகிறது. "ஆன்டி, சுடுது" என்கிறார்கள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். "வெல்டிங் சூடு மக்கா, இப்பம் ஆறும். அனங்காம இரி."

அவர்களும் அசையாமல் இருந்திருப்பார்கள். நான் சொன்னால் கேட்கிற பிள்ளைகள்.