தூங்குகிறவருக்குக் கால் ஆடும்

ஈப்போவில், குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள், அப்பா கடிகாரக் கடை வைத்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். கூடத்தில் இரண்டு, அடுப்படியில் ஒன்று, குளியலறைக்குப் போகும் வழியில் ஒன்று. எல்லாம் ஒரே அச்சு. வெள்ளை முகம், நடுவில் நீல எழுத்தில் கம்பெனியின் பெயர். ஜெலாப்பாங்கில் அப்பா வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையில், வருடம் முழுக்க ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்களை ஆண்டு விருந்தில் மேடைக்குக் கூப்பிட்டு, கைதட்டி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்புவார்கள். அப்பா வருடம் தவறாமல் மேடையேறினார்.

"மணி பாக்க வீட்டுல எத்தன கடிகாரம்! பாக்கறதுக்கு மச்சான்தான் இல்ல," என்பார் மாமா. அம்மாவின் தம்பி. லாரி ஓட்டினார். வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது. "இப்படியே ஓவர்டைம் ஓவர்டைம்னு ஓடுனா, ஒருநா மச்சான தஞ்சோங் ரம்புத்தான்லதான் கொண்டுபோய்ச் சேக்கணும்லா." அந்த ஊரில் பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. ஈப்போக்காரர்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்ய அந்த ஊர்ப் பெயர் ஒன்றே போதும். அம்மா சிரிக்க மாட்டார்.

அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்கள். தோட்டம் கைமாறி மரங்களைச் சாய்த்தபோது அக்காவுக்கு நாலு வயது, நான் கைக்குழந்தை. மரத்திலிருந்து பால் எடுத்த அப்பாவின் கை, பிறகு அந்தப் பாலில் செய்த கையுறைகளைப் பெட்டியில் அடுக்கியது. இரண்டு வேலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பட்டை நனைந்திருந்தால் மரம் வெட்ட முடியாது. பால் வெட்டிய கோட்டில் நிற்காமல் வழிந்து வீணாகிவிடும். அதனால் தோட்டத்தில் விடியற்காலை மழை பெய்தால் வேலை இல்லை. தொழிற்சாலைக்கோ கூரை உண்டு. வெளியே மழையா வெயிலா என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

அப்பா இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவார். அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் நான் ஓடிப்போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். அவர் கதவருகே நின்று, யாரிடமோ பேசுவதுபோல் சொல்வார்: "இவன் தூங்கிட்டான்போல. ஆனா நெசமாத் தூங்குறவனுக்குக் கால் ஆடுமே." நான் உடனே காலை ஆட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே வந்து உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டுவார். எங்கள் இருவருக்கும் ஒரு நாளைக்கு வாய்த்த நேரம் பெரும்பாலும் அவ்வளவுதான். தினமும் காலை ஆட்டியும் தினமும் பிடிபட்டது எப்படி என்று நான் யோசித்ததே இல்லை. தூங்குகிறவர்களுக்குக் கால் ஆடும் என்பதை உலக உண்மையாகவே நம்பினேன். நான் ஆட்டுகிற விதத்தில்தான் ஏதோ குறை என்று முடிவுகட்டி, பகலில் தனியாகப் பழகியும் பார்த்தேன்.

மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் சிவப்பு இல்லத்து அணிக்காக நூறு மீட்டர் ஓட என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமா துள்ளி எழுந்தார். "அப்பன் ரத்தம்டா! தோட்டத்துல தீவாளிக்கு ஓட்டப்பந்தயம் வச்சா, ஒங்கப்பன் ஓடுறான்னு தெரிஞ்சாலே பாதிப் பேரு பேரு குடுக்க மாட்டானுங்க." இது எனக்குப் புதுச் செய்தி. அப்பா ஓடி நான் பார்த்ததில்லை. பெட்டி அடுக்கிய களைப்போடு வந்து சாப்பிட்டுச் சாய்கிறவரைத்தான் தெரியும். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. நான் ஓடுவதை அவர் பார்க்க வேண்டும்.

அவரிடம் கேட்டேன்.

"சனிக்கெழமையா? வேலை இருக்கேடா தம்பி. அம்மா வருவாங்க."

"ஒருநா லீவு போட்டா என்னவாம்?" என்றார் அம்மா.

"இந்த வருஷம் சூப்பர்வைசர் போடப் போறாங்க. லீவே எடுக்காத ஆளாப் பாத்துத்தான் போடுவாங்களாம்." அந்த வருடக் கடிகாரத்துக்கு அவர் கூடத்தில் ஆணிகூட அடித்து வைத்துவிட்டார். அம்மா அந்த ஆணியைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

நான் மாமாவிடம் போனேன். அப்பாவை வீட்டில் நிறுத்த என்ன வழி?

"ஒங்கப்பன நிறுத்த ஒரே ஆளுதான்டா, மழை. தோட்டத்துல மழை சத்தம் கேட்டாப் போதும், திரும்பிப் படுத்துருவான். மண்டோரே வந்து கத்துனாலும் எந்திரிக்க மாட்டான்." மண்டோர் என்றால் தோட்டத்தில் வேலை வாங்கும் மேலாள். மழை நாளில் வேலை இல்லாததுபோல் கூலியும் இல்லை என்பதையும், ஒரு வாரம் சேர்ந்தாற்போல் பெய்தால் அடுப்படியில் என்ன நடக்கும் என்பதையும் மாமா சொல்லாமல் விட்டுவிட்டார்.

"மழைய எப்படி மாமா வரவைக்கிறது?"

"சட்டியச் சுரண்டித் தின்னு. சட்டி சுரண்டுனா கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டும்னு சொல்றாங்கல்ல? கல்யாணத்துக்கே வார மழை சும்மா ஒரு நாளைக்கு வராதா?"

"புள்ளைக்கு நல்லதாச் சொல்லிக் குடுக்குறான் பாரு!" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார்.

வெள்ளிக்கிழமை வீட்டில் ஒரு பாத்திரத்தை விடவில்லை. சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, பால் காய்ச்சிய கிண்ணம் வரை கரண்டியால் சுரண்டி நக்கினேன். "என்னடா இது, கழுவாமலே பளபளன்னு இருக்கு?" என்று அம்மா அதிசயப்பட்டார். அதற்குள் கிழக்கே சுண்ணாம்பு மலைகளுக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. என் சக்தியை நினைத்து எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அக்காவுக்குப் பக்கத்து அறை; எனக்கு அப்பா அம்மாவின் அறையில் பாய். விடியும் முன் விழிப்பு வந்தது. பின்கட்டுத் தகரத்தில் மழை கல்லாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் கைப்பேசி அலாரம் அடிக்கத் தொடங்கியது. அடுப்படியிலிருந்து வந்த அம்மா அதை எடுத்து நிறுத்தினார். பிறகு அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏங்க," என்று ஒரு தடவை கூப்பிட்டார், மழையில் அவருக்கே கேட்டிருக்காத குரலில். அப்பா எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அப்பாவின் வலது கால் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அவசரமே இல்லாமல்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா நிஜமாகவே தூங்குகிறார்! மாமா சொன்னது பலித்துவிட்டது. இவ்வளவு அழகாகக் கால் ஆட எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அம்மாவும் அந்தக் காலைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வாசல் கேட்டருகே பக்கத்து வீட்டு அண்ணனின் குரல் கேட்டது. அவருக்கும் அதே தொழிற்சாலைதான். இருவரும் சேர்ந்துதான் கிளம்புவார்கள்.

"அண்ணே, அவருக்குக் காய்ச்சல்ணே. இன்னைக்கு வரமாட்டாருன்னு சொல்லிருங்க."

"காய்ச்சலா? அவருக்கா? அங்க மிஷினுக்குக்கூடக் காய்ச்சல் வரும், அவருக்கு வராதுலா." பிறகு அவர் சொன்னார்: "சரிம்மா. கடுமையான காய்ச்சல்னே சொல்றேன்."

நன்றாக வெளுத்த பிறகு அப்பா எழுந்து உட்கார்ந்து சோம்பல் முறித்தார். "அடடா. மழை சத்தத்துல அசந்துட்டேனே. தோட்டத்துப் பழக்கம்."

"ஆமா, தோட்டத்துப் பழக்கம்," என்றார் அம்மா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

"இனிமே போய் என்ன செய்ய. எங்கடா ஒன் செவப்புச் சட்டை?"

மழை பெய்தால் அப்பா வருவார் என்று கணக்குப் போட்ட எனக்கு, மழை பெய்தால் திடலும் நனையும் என்பது தோன்றவே இல்லை. நானும் அப்பாவும் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது மழை தூறலாகியிருந்தது. திடல் குளமாகக் கிடந்தது. சுண்ணாம்பால் போட்ட கோடுகள் பால்போலக் கரைந்து ஓடின. போட்டி அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்று தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். அடுத்த சனிக்கிழமை அப்பா எங்கே இருப்பார் என்பது எனக்குத் தெரியும். நின்ற இடத்திலேயே அழுதேன். சட்டி சுரண்டிய விஷயத்தை எப்படிச் சொல்வது?

அப்பா என்னையும் திடலையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ எங்கேர்ந்து ஓடணும்?"

கை காட்டினேன்.

"போய் நில்லு."

"ஐயோ சார், பாடாங் முழுக்கத் தண்ணி. விழுந்துருவான்," என்றார் வகுப்பு ஆசிரியை.

"விழட்டும் டீச்சர். கழுவிக்கலாம்."

அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடிக்கு நடந்தார். அங்கிருந்து கையைத் தூக்கிக் கீழே இறக்கினார். ஓடினேன். பாதியில் வழுக்கி முகம் குப்புற விழுந்தேன். எழுந்து மறுபடி ஓடினேன். வராந்தாவில் ஒதுங்கியிருந்த பிள்ளைகளெல்லாம் கத்தினார்கள்; அது உற்சாகமா கேலியா என்று இன்றுவரை தெரியாது. முதலாவதாக வந்ததும் நான்தான், கடைசியாக வந்ததும் நான்தான். அப்பா குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டினார்.

பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். காற்சட்டையை முட்டிவரை சுருட்டினார். "வா, திரும்பி ஓடுவோம். ரெண்டு பேரும்."

எனக்காக அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நான் பாதிதூரம் போவதற்குள் அவர் அந்தக் கோடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், சேறு தெறித்த முகத்தில் பல்லெல்லாம் தெரிய. மாமா பொய் சொல்லவில்லை. திரும்பும் வழியில் ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். கடைக்காரர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்து, நாற்காலியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுத்தான் உட்காரச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை நடந்த உண்மையான போட்டியில் நான் நான்காவதாக வந்தேன். ஆண்டு விருந்தில் அப்பாவை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. சூப்பர்வைசர் வேலை பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கிடைத்தது. அவர் பலகாரத்தோடு வீட்டுக்கு வந்து, தவறு செய்தவர்போல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "காய்ச்சல் நல்லாப் போச்சா?" என்று மட்டும் அப்பாவைக் கேட்டார். இருவரும் சிரித்தார்கள். கடிகாரத்துக்காக அடித்த ஆணியில் அப்பா மழைக்கோட்டை மாட்டினார். அது கூடமெல்லாம் சொட்டியது. அம்மா திட்டிக்கொண்டே துடைத்தார். ஆனால் வேறு இடத்தில் மாட்டச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குக் கடிகாரமே வரவில்லை. என் பரிசளிப்பு விழா, அக்காவின் பள்ளி நாடகம், அம்மாவுக்குப் பல் பிடுங்கிய நாள் என்று வருடத்துக்கு ஓரிரு தடவை அப்பாவுக்குத் தோட்டத்துப் பழக்கம் திரும்பிவிடும். சில சமயம் அன்று மழைகூட இருக்காது. அவருக்கு வயதாகிறது, அசதி என்று நினைத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் ஆனது பல வருடம் கழித்துத்தான். அதையும் அவர் சாப்பிடும்போது, ஊறுகாய் கேட்பதுபோல் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம்வரை போன முதல் ஆள் நான். இப்போது கோலாலம்பூரில் வேலை. எங்கள் அலுவலகத்தில் கடிகாரம் கொடுப்பதில்லை. திரையில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். ஆள் வேலையில் இருப்பதற்கு அதுதான் அடையாளம். என் புள்ளி அணையாமல் இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு. போன மாதம் வீட்டுக்குப் போனபோதும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து அந்தப் புள்ளியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அக்காவின் மகன் தூங்கச் சொன்னதற்குப் பாயில் கண்ணை இறுக்கிக்கொண்டு கிடந்தான்.

அப்பா கதவருகே வந்து நின்றார். "இவன் தூங்கிட்டான்போல. ஆனா நெசமாத் தூங்குறவனுக்குக் கால் ஆடுமே."

பாயில் சின்னக் கால் ஒன்று படபடவென்று ஆடியது.

என் விரல்கள் நின்றன. எத்தனை வருடம்! படித்தவன் என்று பெயர். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன்.

"அப்பா, என் ஓட்டப்பந்தயத்தன்னைக்கு, மழை பேஞ்சுச்சே... நீங்க நெசமாவே தூங்குனீங்களா?"

"தூங்காம?" என்றார் அவர், பேரனின் உள்ளங்காலைப் பிடித்தபடி. "கால் ஆடுச்சே. நீ பாக்கல?"

"நானுந்தான் பாத்தேன்," என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

மடிக்கணினியில் ஏதோ செய்தி வந்த சத்தம் கேட்டது. திங்கட்கிழமை விடுப்பு என்று பதில் எழுதினேன். காரணம் கேட்டார்கள். மழை என்று எழுதி, அழித்து, சொந்த வேலை என்று எழுதினேன். வெளியே நல்ல வெயில். அந்த ஓட்டப்பந்தய நாள் காலையில் அந்த அறையில் இருந்த மூன்று பேருமே விழித்துக்கொண்டுதான் இருந்தோம். அதில் ஒருவர் தூங்குகிறார் என்று நம்பியவன் நான் மட்டும்தான்.