கலவைக் கூடத்தில் கற்பூரம்

தீப்பிடிக்கும் ஆவி எந்த இடத்தில் எப்போதும் நிற்கும், எந்த இடத்தில் அடிக்கடி வரும், எந்த இடத்தில் அபூர்வமாக வரும் என்று பிரித்து, தொழிற்சாலை வரைபடத்தில் கோடு போடுவது என் பிழைப்பு. பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மண்டலங்கள். தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஊரிகத்தில் இதை ஒருவரும் மதிப்பதில்லை. வெடிமருந்தோடு குடும்பம் நடத்திய ஊர் என்று மார்தட்டுவார்கள்.

பாலகாட்டுச் சுரங்கத்தைத் தாண்டி, பெயின்ட்டில் கலக்கும் தின்னர் தயாரிக்கிற ஒரு கம்பெனி. அதன் கலவைக் கூடத்துக்கு என் அண்ணன்தான் சூப்பர்வைசர். கூடம் முழுவதையும், தரையில் ஓடும் கால்வாயையும் சேர்த்து ஒன்றாம் மண்டலம் என்று குறித்தேன். குறித்த இடமெல்லாம் தீப்பொறி வெளியே வராத, விலை கூடிய விளக்கும் சுவிட்சும் போட வேண்டும். முதலாளிக்கு முகம் கோணியது. தின்னர் டிரம்மின் வாயை மட்டும் குறித்தால் போதுமாம்; மற்ற இடமெல்லாம் சாதா விளக்கு, சாதா சுவிட்சோடு ஓடட்டுமாம். அந்த ஆளைக்கூட விடலாம். அவருக்கு ஒத்து ஊதிய அண்ணனைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இன்னாடா பெரிய ஜோனு? தாத்தா ஷாஃப்ட்ல எறங்கறப்ப தலையில கார்பைட் விளக்கு எரிஞ்சிகினேதான் இருந்துச்சாம். பூமிக்குள்ளயே ஒண்ணியும் ஆவல."

"அது தங்கப் பாறைண்ணா. அதுல கேஸு கெடையாது. இது தின்னரு, ஆவி தரையோட படுத்துகினு கெடக்கும்."

அவன் சிரித்தான். இந்த ஊர்க்காரன் மண்டையில் இது மட்டும் ஏறாது.

ஆயுத பூஜையன்று மறுபடி போனேன். கலக்கும் இயந்திரத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு டிரம் திறந்து கிடந்தது. என் கையிலிருந்த வாயு மீட்டர் வாசலிலேயே கத்த ஆரம்பித்துவிட்டது. உள்ளே அண்ணன் தட்டில் கற்பூரத்தை வைத்துவிட்டுத் தீக்குச்சியை எடுத்தான். ஓடிப்போய்த் தீப்பெட்டியைப் பிடுங்கினேன். தட்டு எகிறி விழுந்து குங்குமமெல்லாம் கொட்டியது.

"சாமி தட்டையே தள்ளிட்டியே, நீ வெளங்குவியா? இனிமே என் வாசப்படி ஏறாதே" என்றான், அத்தனை தொழிலாளர்கள் முன்னால். முதலாளி மீட்டரை அணைக்கச் சொன்னார். நல்ல நாளில் அந்தச் சத்தம் அபசகுனமாம்.

அவர் கேட்டபடி வரைபடத்தை மாற்றிக் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். என் தொழிலிலேயே வேறொருவன் போய் டிரம்மின் வாயை மட்டும் வட்டமிட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். அண்ணன் இன்றும் அந்தக் கூடத்துக்குத்தான் போகிறான். தெருவில் என்னைக் கண்டால் காறித் துப்புகிறான். துப்பட்டும். ஷிஃப்ட் முடிந்து அவன் பைக் எங்கள் லைன் வீட்டுத் தெருவுக்குள் திரும்பும் சத்தம் கேட்கிறவரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.