நவிகேற்றர் இல்லாத டட்சன்

சண்டிலிப்பாய் தாண்டியதும் வின்சன்ற் செருப்பைக் கழற்றிச் சீற்றுக்குக் கீழே தள்ளிவிடுவார். அதுவரைக்கும் அவர் ஒரு வாடகைக்கார்ச் சாரதி. தார் முடிந்து கிறவல் ஒழுங்கை தொடங்கினால் வேறு ஆள். சாரத்தை முழங்காலுக்கு மேலே இழுத்துவிட்டு, வெறுங்காலைப் பிறேக்கில் வைத்து, பின்னால் மனிதர்கள் இருப்பதையே மறந்துவிடுகிறார். “வெறுங்காலுக்குத்தான் றோட்டு என்ன சொல்லுதெண்டு விளங்கும்” என்பார். பின்சீற்றில் இருக்கும் எனக்கு அதை என் முதுகெலும்பே சொல்லிவிடுகிறது.

ஊர் குருநகர். தகப்பனும் தமையன்மாரும் கடல் தொழில். வின்சன்றுக்கோ வள்ளத்தில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். ஆகவே அந்தக் குடும்பத்தில் அவர் ஒருவர்தான் தரைக்கு நேர்ந்துவிடப்பட்டவர். அவருடைய வெளிர்நீல டட்சன் காரில் பண்டத்தரிப்பு வெங்காயமும் ஏறும், மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைத்தாச்சியும் ஏறுவார். பிள்ளைத்தாச்சி ஏறினால் மட்டும் அவர் செருப்பைக் கழற்றுவதில்லை. அந்த மட்டில் நல்ல மனிதர்.

தெற்கே கிறவல் பாதைகளில் தேசிய றலிக் கார்ப் பந்தயத் தொடர் நடக்கிறது. தென்னந்தோட்டத்துக்குள்ளும் தேயிலை மலையிலும் புழுதி கிளப்பிக்கொண்டு, மணிக்கூட்டோடு போட்டிபோட்டு ஓட வேண்டும். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் நான்கு சுற்று. இந்தத் தொண்ணூறாம் ஆண்டில் தெற்கே போகும் ஆனையிறவுப் பாதை சண்டையில்லாமல் திறந்துகிடக்கிறது என்ற ஒரே தைரியத்தில் வின்சன்ற் பெயர் கொடுத்துவிட்டார். கார்க் கதவில் ‘யாழ்ப்பாணம்’ என்று தன் கையாலேயே பெரிதாக எழுதினார். இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்தும் பின்கதவுக்குப் போய்விட்டன.

மூன்று சுற்று முடிந்துவிட்டது. மூன்றிலும் கடைசிக்குக் கிட்டத்தான் வந்தார். ஆனால் ஓடி முடித்தார். நான்கையும் முடித்தவர்களை மட்டும்தான் தொடர் முடிவில் வரிசைப்படுத்துவார்களாம். “கடைசிப் பேரெண்டாலும் காரியமில்லை. பேருக்குப் பக்கத்திலை யாழ்ப்பாணமெண்டு அடிப்பினம். அதைப் பாத்தால் எனக்குப் போதும்” என்றார். மோட்டார்ப் பந்தயம் என்றால் காதைப் பொத்துகிற எனக்கே அதைக் கேட்க ஆசையாக இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான்காவது சுற்று. அதற்குத்தான் ஆள் இல்லை. சாரதிக்குப் பக்கத்தில் இருந்து வளைவையும் பள்ளத்தையும் முன்கூட்டியே சொல்ல ஒரு நவிகேற்றர் வேண்டும். அவர் இல்லாத காருக்குக் கொடி அசைக்க மாட்டார்கள்.

முதற் சுற்றில் கடலுக்குப் போகிற மைத்துனர் யாகப்பு போனார். குருநகரில் கடல் தொழிலுக்கு வெளிக்கிடுகிறவனை எங்கே என்று கேட்கக்கூடாது. அவனும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் அன்றைக்கு வெறும் வலைதான். யாகப்புவின் மடியில் வழிக்குறிப்பு இருந்தது. கொடி அசைந்தது. பழக்க தோசத்தில் இவர் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. முதல் முடக்கிலேயே டட்சன் வளையாமல் நேரே போய்த் தேங்காய் மட்டைக் குவியலில் ஏறி நின்றது; பத்துப் பேர் தள்ளி இறக்கிவிட்டுத்தான் ஓடி முடித்தார்கள். “கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்” என்றாராம் யாகப்பு.

யாகப்பு இப்போது பாரிசில். இரண்டாம் சுற்றுக்குப் போன கிறிஸ்துநாயகம் கனடாவில். மூன்றாம் சுற்றுக்குப் போன கொக்குவில் அருளம்பலம் வாத்தியார் போன கிழமை ஜேர்மனிக்கு விமானம் ஏறிவிட்டார். “எனக்கு வழி சொல்லப் பழகினவை எல்லாரும் தங்கடை வழியைப் பாத்துக்கொண்டு போட்டினம்” என்று சொல்லிவிட்டு வின்சன்ற் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அவசரமாக வெங்காயத் தோட்டத்தைப் பார்த்தேன்.

அன்றைக்கு முன்சீற்றில் அவர் மனைவி மக்டலீன் இருந்தார், மடியில் ஒரு பனையோலைக் கடகத்தோடு. பண்டத்தரிப்பில் பிறந்தவர், தாய்வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கண் பாதி மூடியிருந்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

“இடப்பக்கம் பள்ளக் கிடங்கு. அங்காலை மதகு. மதகடியிலை ஆடு நிக்கும், மெல்லப் போங்கோ.”

மதகடியில் ஆடு நின்றது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அந்த வீட்டுக்காரி உந்த நேரத்திலைதானே அவிட்டு விடுறவ” என்றார் மக்டலீன்.

“அண்ணை, ஊரெல்லாம் ஏன் ஆள் தேடுறியள்? நவிகேற்றர் பக்கத்திலைதானே இருக்கிறா” என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்.

“நான் எப்பவோ கேட்டுப் பாத்திட்டன்” என்றார் வின்சன்ற், ஒழுங்கையைப் பார்த்தபடி.

“மூண்டு பிள்ளை பெத்தவள் தலையிலை சட்டியைக் கவிட்டுக்கொண்டு மலையெல்லாம் துள்ளித் திரியிறதோ? கோயிலடியிலை என்னத்தைக் கதைப்பினம்?”

“விருப்பமில்லாட்டில் விடப்பா. இந்த வருசம் இவ்வளவும்தான் எண்டு நினைப்பம்.”

அதற்குப் பிறகு மக்டலீன் வாய் திறக்கவில்லை. வின்சன்றோ மாப்பிள்ளைக் கார்போல ஊர்ந்து ஓட்டினார். அப்படி ஓட்டியும் ஒரு கிடங்கு மிச்சம் விடாமல் எல்லாவற்றிலும் விழுந்து எழும்பினோம். அவர் வேகமாக ஓட்டியபோது வந்த பயத்தைவிட இந்த மெதுவைப் பார்க்கத்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் குருநகருக்குப் போனேன். முற்றத்தில் டட்சனை ஜாக்கியில் ஏற்றிவிட்டு வின்சன்ற் சில்லு நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். விடிந்தால் பயணம். படியில் இரண்டு ஹெல்மெற்றுகள் இருந்தன. பக்கத்தில் யார் என்று கேட்டேன்.

“அங்கை போய் ஆரையும் பிடிக்கலாம்” என்றார். அதை அவரே நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மக்டலீன் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு ஹெல்மெற்றை எடுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

“வாத்தியாற்றை நல்லெண்ணெய்” என்று முகத்தைச் சுளித்து, சேலைத் தலைப்பால் உள்ளே அழுத்தித் துடைத்தார். பிறகு தலையில் வைத்தார். அது கொண்டையில் தட்டுப்பட்டுக் கீழே இறங்க மறுத்தது. திருப்பி வைத்துப் பார்த்தார், அப்போதும் இறங்கவில்லை.

வின்சன்ற் ஸ்பனரைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். ஒழுங்கைக் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடம் நிரம்பி வழிவதையும் கவனிக்காமல் இந்தப் பக்கமே பார்த்தார்கள். மக்டலீனும் அவர்களை ஒரு தரம் பார்த்தார்.

பிறகு ஹெல்மெற்றைக் கார்க் கூரையில் வைத்துவிட்டு, கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு, நடு முற்றத்தில் நின்றபடியே கொண்டையை அவிழ்த்து, கூந்தலை இரண்டாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினார்.