தொட்டிக்குக் கீழே ஒரு இத்தாலி

படிப்பகத்துச் சுவரில் நான் ஒட்டுகிற தாளெல்லாம் எப்போதும் புகார்தான். இன்றைக்குப் புகார் இல்லை.

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில், என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும் பெரிய தொட்டிக்குக் கீழே, தண்டவாள வேலை பார்க்கும் கேங்மேன் கன்னியப்பன் அண்ணன் ஒரு தோட்டம் போட்டிருக்கிறார். உடைந்த செங்கல்லில் படிக்கட்டு, நடுவில் ஒரு பித்தளைக் குழாய்.

"இன்னாண்ணே இது?" என்றேன்.

"பட்டாளத்துல சேந்து சண்டைக்குப் போனப்ப இத்தாலில ஒரு தோட்டம் பாத்தேன் நைனா. மலை மேலேர்ந்து தண்ணி எறங்கி, மோட்டாரே இல்லாம ஆள் ஒசரத்துக்கு எகிறுது. கோயிலுன்னு நெனச்சு பூட்ஸைக் கழட்டிட்டேன். கூட இருந்தவன்லாம் சிரிச்சான்."

"இங்க மலைக்கு எங்க போறது?"

தொட்டியை அண்ணாந்து பார்த்தார். "அதான் கீதே."

அதற்குள் யார்டின் புது அதிகாரி வந்துவிட்டார். "யாரைக் கேட்டு வெச்சே? பிடுங்கி எறி!"

அண்ணன் கடப்பாரையை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து மேலே தொட்டி நிரம்பியது. வழிந்த தண்ணீர், அண்ணன் தொட்டியிலிருந்து இழுத்திருந்த குழாய் வழியாக இறங்கி, செங்கல் படிக்கு நடுவே சீறி எழுந்தது. அத்தனை புகைக்கும் கரிக்கும் நடுவில் வெள்ளை வெளேரென்று.

அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிடுங்கச் சொன்னதை மறுபடி சொல்லவே இல்லை.

அப்புறம்தான் கீழே பார்த்தேன். என் செருப்பு இரண்டடி தள்ளிக் கிடந்தது.

நம்பாதவர்கள் நாளைக்குச் சாயங்காலம் தொட்டி நிரம்பும் நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். செருப்போடு நின்று பார்த்தவர் யாராவது இருந்தால், இந்தத் தாளிலேயே கீழே பேர் எழுதுங்கள்.