பார் இல்லாத சைக்கிள்

என் மூத்த சகோதரர் காக்காவுக்கு இடுப்பு வலி வந்த பிறகும் வயலுக்குப் போவதை நிறுத்த மனமில்லை. வாய்க்கால் கட்டோடு போகும் கிறவல் ரோட்டில் பழைய சைக்கிள் அவரைக் குலுக்கி எடுத்தது. சுகமான ஒன்று வாங்க இருவரும் கல்முனைக்குப் போனோம்.

தடித்த டயர், அகலமான சீட், உயர்ந்த ஹேண்டில். அப்படி இரண்டு சைக்கிள்கள் கடையில் இருந்தன. ஒன்றுக்கு நடுவில் பார் இருந்தது. மற்றது பார் இல்லாத பெண்கள் சைக்கிள். காக்கா சாரனைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் இலேசாக ஏறி உட்கார்ந்தார்.

"இதுதான்டா தம்பி. காலத் தூக்கத் தேவல்ல."

பக்கத்தில் டியூப் வாங்க நின்றவர் சிரித்தார். "என்ன ஹாஜியார், மாமிக்கா எடுக்கிறீங்க?"

"ஓம், இனி அவ வயலுக்குப் போவா. நான் சோறாக்குவன்."

கடையே சிரித்தது. எனக்குத்தான் முகம் சுட்டது. சின்ன வயதிலிருந்தே ஆட்கள் என்னைப் பார்த்தால் கூசிப்போவேன்.

"வேணாங் காக்கா, ஆக்கள் சிரிப்பாங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். "எனக்கில்லாத வெக்கம் உனக்கென்னடா?"

நான் பார் வைத்த சைக்கிளைக் கையால் காட்டினேன். அவர் இறங்கிவிட்டார். "சரி, நீ சொல்றதையே எடுப்பம்."

மூன்றாம் நாள் கிறவல் ரோட்டில் உழவு மெஷினுக்கு வழிவிட இறங்கியவரால் திரும்ப ஏற முடியவில்லை. காலைப் பாருக்கு மேலே கொண்டுபோக முடியாமல், வெயிலில் வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தாராம். மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறொன்று மாற்றித் தரவா என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் அன்று செய்ததை ஒத்துக்கொள்ள வேண்டிவரும்.

அதன் பிறகு அவர் வயலுக்குப் போகவே இல்லை. வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, வயலால் வருகிறவர்களிடம் "தண்ணி பாயுதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வெள்ளாமை வெட்டுவதற்கு முன்னமே மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார்.

வருஷங்கள் போய், இப்போது எனக்கும் முழங்கால் முன்போல் மடங்குவதில்லை. போன மாதம் அதே கடைக்குப் போய்ப் பார் இல்லாத சைக்கிளைக் காட்டினேன்.

"ஆருக்கு, ஊட்டுக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான்."

அவர் சிரிக்கவில்லை. டயரை அமுக்கிப் பார்த்துக் காற்றடித்துத் தந்தார், அவ்வளவுதான்.

அசர் தொழுதுவிட்டு அதில்தான் வயல் பக்கம் போகிறேன். காக்காவின் வயலருகே இறங்கித் தண்ணீர் பாய்கிறதா என்று பார்ப்பேன். பிறகு ஏறுவேன். காலைத் தூக்கத் தேவையே இல்லை.