ஜெயராணியின் இடம்

'நிரப்புக' என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு அலுப்புத் தட்டுகிறது. கோடிட்ட இடத்தை நிரப்புக, படிவத்தை நிரப்புக, குடத்தை நிரப்பு, பேனாவுக்கு மை நிரப்பு. டீச்சராகிவிட்ட பிறகு நாளெல்லாம் இதே பாட்டுத்தான். ஆனால் ஆளை வைத்தும் இடத்தை நிரப்பலாம் என்று எனக்குக் காட்டியவர் என் அத்தை.

அப்பாவின் தங்கை அவர். போடிமெட்டைத் தாண்டி, கேரளத்துப் பக்கம் ஓர் ஏலத்தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், அதுவும் தினக்கூலிக்கு. பள்ளி திறந்ததும் அதிகாரி வந்து பிள்ளைகளை எண்ணுவார். தலை குறைந்தால் அத்தைக்கு வேலை இல்லை. அந்த வருஷம் குறைந்துவிட்டது. போடியில் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என்னை, ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் அள்ளிப் போட்டு மலையேற்றிவிட்டார்கள். எனக்கோ திருவிழாவுக்குப் போகிற குஷி.

அத்தை யாருடைய சீருடையையோ எனக்கு மாட்டிவிட்டு, நெற்றித் திருநீற்றை முந்தானையால் துடைத்தார்.

"மருமகளே, இன்னைக்கு மட்டும் நீ ஜெயராணி, வேதக்காரப் புள்ள. பேரு கேட்டா அதச் சொல்லு. வேற எதுக்கும் வாயத் தொறந்துறாத. அத்த பொழப்பு போயிரும்."

அதிகாரி மலையாளி. பெயர் கேட்டார், பிசகாமல் சொன்னேன். மனுஷர் அத்தோடு போயிருக்கக் கூடாதா! "நம்ம முதலமைச்சர் யாராணு?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். மற்றதெல்லாம் முழிக்க, நான் துள்ளியெழுந்து, எங்கள் தெருச் சுவரெல்லாம் போஸ்டரில் சிரிப்பவர் பெயரைக் கணீரென்று சொன்னேன். சென்னையில் இருக்கிறவர் பெயரை!

அத்தை மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதிகாரி காலி பெஞ்சுகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கும் மலையேறி வந்த களைப்பு.

"மிடுக்கி. இரி மோளே," என்றார். "டீச்சரே, ஜெயராணி உண்டு."

கெட்டிக்காரி என்கிறார் என்று அங்கிருந்த பிள்ளைகள் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் போனதும் அத்தை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து அழுதார். சரியான பதில் சொன்னதற்கு ஏன் அழ வேண்டும்?

"அத்த, ஜெயராணி நாளைக்கு வந்துட்டா நான் எங்க உக்காருவேன்?"

"வரமாட்டாடி. குடும்பத்தோட திருப்பூருக்குப் போயிட்டாக. இனி எவளும் வரமாட்டா."

அப்பாடா, இடம் எனக்கேதான் என்று நான் நகர்ந்து நன்றாக உட்கார்ந்துகொண்டேன்.