அப்பா சீரியஸ், உடனே புறப்படு

மொன்றியலில், ரொக்ஸ்பரோ வீட்டுக் குளியலறையிலிருந்து அண்ணன் தலையில் ஈரம் சொட்ட வெளியே வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா இறந்துவிட்டார் என்று தலைமுழுகிவிட்டு வந்திருந்தான். அப்பா அப்போது மெட்ராஸில் உயிரோடு இருந்தார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அண்ணன் இங்கே என்ஜினியர். நான் அவன் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அன்று காலையில் சித்தப்பாவின் தந்தி வந்தது: அப்பா சீரியஸ், உடனே புறப்படு. நம் ஆட்களுக்கு இந்தத் தந்தியின் அர்த்தம் தெரியும். செத்தவரைச் செத்தார் என்று சொல்லும் துணிவு எவருக்கும் கிடையாது. தூரத்தில் இருப்பவன் தாங்கமாட்டானாம். சில வருடங்களுக்கு முன் அம்மாவுக்கும் இதையேதான் அடித்தார்கள். அண்ணன் விழுந்தடித்துக்கொண்டு லண்டன் போய், பம்பாய் போய், மெட்ராஸில் இறங்கினான். வழியெல்லாம் அம்மாவிடம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனானாம். வீட்டில் அம்மாவின் சாம்பல்கூட இல்லை. கடலில் கரைத்து முடித்திருந்தார்கள்.

இந்த முறை ஏமாறமாட்டேன் என்றான்.

"ஒருவேளை அப்பா உயிரோட இருந்தா?" என்று கேட்டேன்.

"அம்மாவும் சீரியஸாத்தான் இருந்தாங்க. நான் இப்பவே பறந்தாலும் ரெண்டு நாளைக்கு மேல ஆகும். அதுவரைக்கும் எவன் வெச்சிருப்பான்?"

மெட்ராஸில் இருந்த தம்பியையே கொள்ளி வைக்கச் சொல்லி, தான் பத்தாம் நாள் காரியத்துக்கு வருவதாகத் தந்தி கொடுத்துவிட்டுத்தான் குளிக்கப் போனான்.

அந்தத் தந்தி போய்ச் சேர்ந்த வீட்டில் அப்பா படுத்தபடி, பெரியவன் கிளம்பிவிட்டானா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பன் உயிரோடு இருக்கும்போதே கொள்ளி வைக்கச் சொல்கிறான், இவனுக்கு இனி யாரும் ஒரு வரி எழுதக் கூடாது என்று சித்தப்பா தந்தியைக் கிழித்துப் போட்டாராம். அந்த ரோஷம் ஒரு வாரம் நீடித்தது. அப்பாவும் அந்த ஒரு வாரம் நீடித்தார். அண்ணன் காரியத்துக்கென்று போய் இறங்கியதற்கு முதல் நாள்தான் போனார். அவன் சொன்னபடியே தம்பி கொள்ளி வைத்திருந்தான்.

சித்தப்பா மேல் எனக்கு ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை. அண்ணனையும் நாலு வார்த்தை கேட்க நினைத்திருந்தேன். திரும்பி வந்தவன் முகத்தைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. அதைப் பற்றி அவன் ஒரே ஒரு தடவைதான் பேசினான். "ஒரு வாரம் இருந்திருக்கார். பக்கத்துல உக்காந்திருக்கலாம்."

போன மாதம் அண்ணனும் போய்விட்டான். இப்போதெல்லாம் சென்னையிலிருந்து ஒரே நாளில் மொன்றியல் வந்துவிடலாம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று தம்பிக்குப் போன் செய்தேன். பக்குவமாகச் சொல்லுங்கள் அத்தை என்றாள் அண்ணன் மகள். அதெல்லாம் எனக்கு வராது.

"அண்ணன் செத்துட்டான்டா. இப்பதான்."

"நான் வர்ற வரைக்கும் வெச்சிருப்பியாக்கா?" என்றான்.

"வெச்சிருப்பேன். வா."